அவர் காலுக்கு நான் பார்த்த ஷூ

என் வீட்டுக்காரருக்குக் காட்டில் வேலை. குண்டலுபேட்டை தாண்டி உள்ளே போனால் வேட்டையைத் தடுக்க ஒரு முகாம் இருக்கிறது. அங்கே இருக்கும் நாலு வாச்சர்களில் இவர் ஒருவர். மானுக்கும் பன்றிக்கும் கண்ணி வைக்க வருகிறவர்களைத் தேடி நாள் முழுக்க நடக்க வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை மைசூருக்கு வந்து ஒன்றரை நாள் இருப்பார். மற்ற நாளெல்லாம் நான் அக்ரஹாரத்துப் பக்கம் எங்கள் ஒற்றை அறையில் சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டு, பயந்துகொண்டு இருப்பேன்.

யானைக்குப் பயப்படுவதில் பிரயோசனமில்லை. யானையை நான் என்ன செய்ய முடியும்? ஆனால் ஷூ விஷயம் அப்படியில்லை, ஏதாவது செய்யலாம் என்று போன வருஷம் மழைக்கு முன்னால் எனக்குத் தோன்றியது. அவருடைய பழைய கான்வாஸ் ஷூவில் இடது கால் வாய் பிளந்துவிட்டது. நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தார்.

"ஓடற மாதிரி ஆச்சுன்னா கயிறு தடுக்காதுங்களா?" என்றேன்.

"ஓடறப்ப கயித்தப் பாத்துக்கிட்டா ஓடுவாங்க?" என்று சிரித்தார்.

அவருக்கு அது சிரிப்பு. எனக்கு இரண்டு நாள் தூக்கம் போயிற்று.

ஏழாவதோடு நின்றவள் நான். காட்டைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவர் சாப்பிடும்போது சொன்னதுதான். வெயில் காலத்தில் தேக்கிலை அப்பளம் மாதிரிக் காய்ந்து கிடக்கும், கனத்த ஷூ போட்டால் ஒரு பர்லாங்குக்குச் சத்தம் கேட்கும் என்பார். பனி மாதத்தில் காலையில் புல்லில் நடந்தால் கான்வாஸ் நனைந்து, மத்தியானம் வரைக்கும் விரலெல்லாம் ஊறிப்போய்க் கிடக்குமாம். மழையில் சேறு அப்பி ஒவ்வொரு காலும் ஒரு குடம் கனம். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு ஷூ வேண்டும். அவர் காட்டிலேயே இருந்தார், நான் தனியாகத்தான் மண்டி மொஹல்லா கடைத்தெருவுக்குப் போனேன். பழைய செருப்பு ஒன்றைப் பையில் போட்டு எடுத்துப்போனேன், அளவுக்கு.

கடைக்காரர் கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிற ஆள். "யாருக்கு அக்கா? காலேஜ் பையனுக்கா?"

"இல்லீங்க. காட்டுல நடக்கறதுக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஹண்டிங்கா?"

"ஐயோ, வேட்டைக்காரங்களப் பிடிக்கறவருங்க!"

"பயப்படாதீங்க அக்கா, தமாஷுக்குச் சொன்னேன்" என்று பச்சைக் கான்வாஸில் கணுக்கால் வரைக்கும் வரும் ஒன்றை எடுத்துப் போட்டார். "இதுக்குப் பேரே ஹண்டர் ஷூ. பிடிக்கறவங்களும் இதுதான், ஓடறவங்களும் இதுதான்."

அது பழையதைப் போலவே இருந்தது. அதுதானே வாய் பிளந்தது? வேண்டாம் என்றேன். முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் கம்பூட் காட்டினார். ஓடையில் இறங்கினால் உள்ளே தண்ணீர் புகுந்துகொள்ளும், அதோடு எப்படி ஓடுவார்? அதுவும் வேண்டாம். தோல் பூட்ஸ் நனைந்து காய்ந்தால் விறகாகிவிடும். ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு ஆபத்தைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். மலையேறுகிறவர்கள் போடுவதாம். தண்ணீர் ஏறாதாம், கனமும் இல்லையாம். அடியில் பல்பல்லாக, டிராக்டர் டயர் மாதிரி. "எந்தச் சேத்துலயும் வழுக்காது அக்கா. கேரண்ட்டி." வாங்கிவிட்டேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் வந்ததும் பெட்டியை மடியில் வைத்தேன். கடையில் நான் அது வழுக்குமா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். இவர் எடுத்ததும் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்லால்லீங்களா?"

"நல்லாத்தான் இருக்குது புள்ள. ஆனா இந்த அச்சு எங்க காட்டுல வேற எவன் கால்லயும் கெடையாது."

"அதனால என்னங்க?"

"நாங்க அவனுங்க கால் தடத்தப் பாக்கற மாதிரி அவனுங்களும் எங்க தடத்தப் பாப்பானுங்க. ரெண்டே நாள்ல பாடமாயிரும். இந்தாளு காலைல இப்பிடிப் போனான், இன்னும் திரும்பலைன்னு. மத்தவங்கல்லாம் ஒரே மாதிரி ஷூ. யாரு எவருன்னு தெரியாது."

அவர் வேலையைப் பற்றிச் சொன்னார். என் காதில் விழுந்தது வேறு. இவர் தனியாக எந்தப் பக்கம் போனார், எங்கே இருக்கிறார் என்று முகம் தெரியாத ஆட்களுக்கு நான் அடையாளம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

"அவனுங்க உங்கள என்னாச்சும்..."

"என்னைக் கண்டா அவந்தான் ஓடுவான்."

"ஓடாதவன் இருந்தா?"

"ரசம் ஊத்து" என்று தட்டை இழுத்துக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். அந்தத் தடவை அரை நாள்தான் விடுப்பு, சாயங்காலம் ஐந்து மணிக்கு அவருக்குத் திரும்பிப் போக பஸ். என்னால் உட்கார முடியவில்லை. ஷூவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் போனேன். தண்ணீர் ஊற்றி, அந்தப் பற்களைக் கல்லில் வைத்துத் தேய்த்தேன். கறுப்பாகச் சாறு வந்தது. மாடி வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "ஏன்ரீ, ஷூவில மாவு அரைக்கிறீங்களா?" என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் தேய்த்திருப்பேன். தோள் விட்டுப்போயிற்று. வலது கால் மொழுக்கென்று ஆனது, இடது காலும் முக்கால்வாசி.

எழுந்து வந்தவர் கதவில் சாய்ந்து நின்றார். "என்ன புள்ள பண்ற?"

"அச்சு தெரியாம இருக்கட்டும்னுங்க."

முதலில் சிரித்தார். பிறகு வாங்கிப் பார்த்தார், சிரிப்பு நின்றது. காலில் மாட்டிக்கொண்டு நான் தண்ணீர் ஊற்றிய தரையில் இரண்டு அடி வைத்தார். வழுக்கி, துணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மழைக்குத்தானே வாங்குன?" என்றார், கோபமில்லாமல். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மண்டி மொஹல்லாவுக்கு ஓடி அந்தப் பச்சைக் கான்வாஸையே வாங்கி வந்துவிடுகிறேன் என்றேன். மணி நாலரை. அதற்குள் போய்வர முடியாது. அவர் பழைய ஷூவை மாட்டி, நைலான் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். தேய்த்ததைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார். "அங்க போய்ப் பாத்துக்கறேன். நீ இதையே நெனச்சுக்கிட்டு உக்காராத." ஆனால் உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. முகாமில் டவர் கிடைக்காது. பாறை மேல் ஏறினால்தான் பேச முடியும், அதுவும் அரைகுறையாக. ஒரு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கூப்பிட்டார். சாப்பிட்டீங்களா என்றுகூட நான் கேட்கவில்லை.

"கால்ல என்னங்க போட்டிருக்கீங்க?"

"ஷூதான் புள்ள."

"எந்த ஷூங்க?"

பின்னால் இரைச்சல் கேட்டது. அவர் ஏதோ சொன்னார், புரியவில்லை. திரும்பக் கூப்பிட்டேன். எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று கன்னடத்தில் ஒரு பெண் குரல் சொன்னது. பாறையில் நனைந்த காலோடு நிற்கிறவரை நானே கூப்பிட்டு இழுத்துப் பிடித்து வைக்கிறேனோ என்று அப்போதுதான் உறைத்தது. போனைக் கீழே வைத்துவிட்டேன். பிறகும் அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விடுப்புக்கு வந்தபோது காலில் ரப்பர் செருப்பு. இரண்டு ஜோடி ஷூவும் அங்கேயே அடுப்போரத்தில் காய்கிறது என்றார். சட்டையைக் கழற்றினபோது இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் தோல் உரிந்து, மேலே மஞ்சளாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

"என்னாச்சுங்க?"

"ஓடைக்கரைல விழுந்துட்டேன். பெருசா ஒண்ணுமில்ல."

தேங்காயெண்ணெய் எடுத்து வந்து தடவினேன். கயிறு தடுக்கியா, தேய்ந்த அடி வழுக்கியா என்று கேட்க வாய் வரை வந்தது. எந்த ஷூவைச் சொன்னாலும் அதைக் கையில் கொடுத்து அனுப்பியவள் நான்தான். அவர் கையை நீட்டிக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று மட்டும் சொன்னார்.