எத்தனை தரம் தள்ளினீங்க?

ஊரே எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணிக்கொண்டிருக்க, சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் சக்கரத்தை எத்தனை தரம் தள்ளினார்கள் என்று எண்ணுவதுதான் மறுவாழ்வு மையத்தில் என் பிழைப்பு. சொந்த வீட்டில் ஒருவரையாவது உடற்பயிற்சி செய்யவைக்க முயன்று தோற்றவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

முதல் நாள் சாதனை

வேலம்பாளையத்துப் பூங்கொடி, ஒரு பனியன் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்த்தவர். விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி. வாசல் சாய்தளத்தில் யாரும் தள்ளாமல் ஏறி வந்தால் பழைய வேலை உண்டு என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அதற்குக் கையில் பலம் சேர வேண்டும். தள்ளுவதை எண்ணும் பட்டையை அவர் மணிக்கட்டில் கட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் என் போனில் பார்த்தால் எண்ணிக்கை எங்கேயோ ஏறிப் போயிருந்தது. பெருமாநல்லூர் வரைக்கும் போய் வந்தாரோ? ஆவல் தாங்காமல் நேரில் போனேன். நாற்காலி சுவரோரம் நிற்க, அவர் பாயில் உட்கார்ந்து டி-ஷர்ட்டுகளுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரி பிடித்த கை ஆடியதையெல்லாம் பட்டை தள்ளலாக எண்ணியிருக்கிறது! விஷயத்தைச் சொன்னதும் பூங்கொடி கேட்டார்: "ஏனுங்க சார், இதக் கட்டிக்கிட்டு எப்பவும்போல இருங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

நல்ல மனசுக்காரர்கள்

பிசிறு வெட்டும்போது பட்டையைக் கழற்றச் சொன்னேன். தினமும் வீதிமுனை வரை போய்வர வேண்டும் என்று ஏற்பாடு. போய்த்தான் வந்தார், எண்ணிக்கை மட்டும் பத்தைத் தாண்டவில்லை. இதென்ன மாயம் என்று ஒரு சாயங்காலம் பின்னாலேயே போனேன். வாசல் தாண்டியதுமே எதிர்வீட்டுக்காரர் தள்ளினார். அவரிடமிருந்து காய்கறிக்கார அம்மா வாங்கிக்கொண்டார். முனை பேக்கரிக்காரர் டீ ஆற்றுவதை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். பூங்கொடியின் கைகள் மடியில் சும்மா கிடந்தன.

இவர்களிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? "அவங்களுக்கு வேலையே கிடைக்காமப் போயிரும், தயவுசெஞ்சு உதவாதீங்க" என்று கெஞ்சினேன். பேக்கரிக்காரர் ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னார்: "செரீங்க, தள்ளல. சும்மா கூட நடந்து வந்தா அந்த மிசினு ஒண்ணும் சொல்லாதுங்களே?"

சாய்தளம்

கம்பெனியில் வரச்சொன்ன காலையில் நானும் போனேன். மேனேஜர் மேலே நின்றார். பாதியில் நாற்காலி நின்றுவிட்டது. முன்னே போன என் கைகளை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். பூங்கொடி மூச்சு வாங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு தள்ளாகத் தள்ளி மேலே போய்விட்டார். "திங்கக்கிழமை வந்துருங்கம்மா" என்றார் மேனேஜர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம்தான் பட்டையைப் பார்த்தேன். சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. ஒரு தள்ளல்கூடப் பதியவில்லை. வெட்கத்தை விட்டு, இன்னொரு தரம் ஏறிக்காட்ட முடியுமா என்று கேட்டேன். பூங்கொடி முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "திங்கக்கிழமையிலிருந்து தெனமும் ஏறப்போறேனுங்க சார், வந்து எண்ணிக்குங்க."

பூங்கொடி யார் உதவியும் இல்லாமல் ஏறி வேலையை வாங்கிய அந்த நாளின் கட்டம் என் பதிவேட்டில் காலியாகவே இருக்கிறது. நான் உருப்படியாக வேலை பார்த்ததற்கு என்னிடம் இருக்கும் ஒரே அத்தாட்சி அதுதான் என்று மேலதிகாரிக்கு எப்படிப் புரியவைப்பது?