உள்பக்கத் தாழ்ப்பாள்

அருங்காட்சியகத்துக்குக் கண்ணாடிப் பெட்டி செய்பவர் அவர். அவருடைய மனைவியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்கு நினைவு கலைந்துவிட்டது. கால்கள் மட்டும் ஓயாது. ஒருமுறை கடைத்தெரு வரை போய்விட்டதால், அக்காவின் அறைக்கு வெளிப்பக்கம் அவர் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.

"இது சரியில்லைங்க," என்றேன்.

"உங்களுக்கென்ன, சாயங்காலமானா கிளம்பிடுவீங்க."

அதுவும் நியாயம்தான்.

அப்போது அருங்காட்சியகத்தில் பூர்வகுடி மக்களோடு சேர்ந்து ஒரு கண்காட்சி தயாரானது. எதை, எப்படி வைப்பது என்பது அவர்கள் முடிவு. நடுவில் அவர்களுடைய முதல்தாயின் மரச்சிலை. அவர் சிலைக்குப் பெட்டி பொருத்திய அன்று, வீட்டில் வெள்ளையடித்ததால் அக்காவையும் அங்கே கூட்டிப் போயிருந்தேன். அரையிருட்டுக் கூடம். எங்கள் உருவங்கள் ஒரு கண்ணாடியில் கரைந்து அடுத்ததில் மிதந்து வந்தன, தண்ணீருக்கடியில் நடப்பது போல.

பூர்வகுடிப் பெண் ஒருத்தி பெட்டியைச் சுற்றி வந்து அவரிடம் கேட்டாள். "தாழ்ப்பாள் எங்கண்ணே?"

"வெளிய, பின்பக்கம்."

"உள்ள வைங்க. எங்கம்மா எழுந்து உலாத்திட்டு வருவா."

"சிலை எங்கேம்மா போகும்?"

"உங்ககிட்ட சொல்லிட்டா போவா? வெளிய தாழ் போட்டா அது சிறை. நாங்க அம்மாவைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவோம்."

"களவு போனா என் தலைதானே உருளும்!"

பேச்சு தடித்தது. அக்கா மட்டும் சிலையின் எதிரே நின்று கண்ணாடியை மெல்லத் தடவிக்கொண்டிருந்தார். "திறங்களேன், எவ்வளவு நேரமாத் தட்டறேன்," என்றார். சிலைக்காகவா, தனக்காகவா, தெரியவில்லை. பெட்டிக்காரர் பின்பக்கத் தாழைக் கழற்ற ஆரம்பித்தார்.

பெட்டிக்கு உள்பக்கத் தாழ்ப்பாளும், கூடத்துக் கதவுக்குப் பெரிய பூட்டும் என்று முடிவானது. அந்தப் பெண் பெட்டிக்குள் தலையை நுழைத்துத் தாழைத் தள்ளிப் பார்த்தாள். "போதும்ணே. அம்மா இருப்பா."

வீட்டுக்கு வந்ததும் அவர் திருப்புளியோடு அக்காவின் அறைக் கதவருகே போனார். "இதையும் உள்பக்கம் மாத்திடவா?"

"நல்லா இருக்கே! அக்கா உள்ள போட்டுக்கிட்டா கதவை யார் உடைக்கறது? கழட்டிப் போடுங்க. வாசல் கேட்டைப் பூட்டினா போதும்."

கழற்றினார். கதவில் ஓட்டைகள் மட்டும் நின்றன.

மறுநாள் காலை நான் போனபோது அவர் கூடத்து நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார், காவல் இருந்திருக்கிறார். அக்கா கட்டிலில் சுருண்டிருந்தார், பாதத்தில் வாசல் மண். அக்காவின் போர்வை மட்டும் கட்டிலில் இல்லை.

நாற்காலியில் விழித்தவர் தன் மேல் கிடந்த போர்வையைத் தொட்டுப் பார்த்தார். "நீங்களா போத்தினீங்க?"

"நான் இப்பத்தான் வரேன்," என்றேன்.