நான் கட்டிய இரண்டாவது கேன்

பயம் வந்தால் ஒரு பிள்ளை யாரை முதலில் கூப்பிடும்? போன கோடை விடுமுறையிலிருந்து இந்தக் கேள்வி என்னோடேயே இருக்கிறது. இன்னும் பதில் கிடைக்கவில்லை.

நாங்கள் காரைக்குடியில் இருக்கிறோம். எனக்கு ஒரே மகள். அப்போதுதான் நாலாம் வகுப்பு முடித்திருந்தாள். என் கணவரின் தங்கை கொத்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் படித்த கல்லூரியில்தான் அவளும் படித்தாள். எனக்கும் அவளுக்கும் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. அதனால்தான் இதை வெளியே யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அந்த வருஷம் முழுவதுமே என் மகள் கொஞ்சம் கொஞ்சமாக என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தாள். தலையை அவளே பின்னிக்கொண்டாள். வகிடு கோணலாக இருக்கிறது என்று சீப்பை எடுத்தால், "இருக்கட்டும்மா" என்று நகர்ந்துவிடுவாள். பிள்ளை வளர்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் சாயங்காலமானால் என் போனை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய் அத்தையோடு பேசுவாள். கதவுக்குப் பின்னால் அப்படி ஒரு சிரிப்பு கேட்கும். என்ன பேசினாய் என்று கேட்டால், "சும்மாதான்" என்பாள். நான் தேங்காய் துருவிக்கொண்டே அந்தச் 'சும்மா'வை நினைத்துக் கருகிப்போவேன். வளர்ந்துவிட்டாள் என்றால் எல்லாரிடமிருந்தும்தானே விலக வேண்டும்? என்னிடமிருந்து மட்டும் ஏன்?

விடுமுறை விட்டதும் அத்தை வீட்டுக்குப் போனாள். ஒரு வாரம் கழித்துப் பார்க்கப் போனேன். இடுப்பு வரைக்கும் இருந்த முடி கழுத்தோடு நின்றது.

"நீச்சலுக்கு எடைஞ்சலா இருக்குன்னு அவதான் வெட்டச் சொன்னா அண்ணி. கோவிச்சுக்காதீக" என்றாள் நாத்தனார்.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொன்னேன். பிறந்ததிலிருந்து நான் எண்ணெய் வைத்து வளர்த்த முடி.

அவர்கள் தோட்டத்தில் படி வைத்த பெரிய கிணறு இருக்கிறது. நல்ல மழை பெய்த வருஷம் என்பதால் சித்திரையிலும் பாதிக் கிணறு தண்ணீர் நின்றது. நீச்சல் பழகும் பிள்ளைக்கு, காலியான எண்ணெய்க் கேனை மூடி இறுக்கி முதுகில் கட்டி இறக்குவார்கள். அந்த வீட்டில் அந்தக் கேனுக்கு ஒரு வழக்கம் உண்டு. நீச்சல் வந்து கேனை அவிழ்த்தவர்தான் அடுத்துப் பழகுகிறவருக்குத் தன் கையால் அதைக் கட்டிவிட வேண்டும். என் மகளுக்கு முதல் நாள் அவளுடைய அத்தை மகன் கட்டிவிட்டிருந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அத்தைதான் கட்டினாள்.

மறுநாள் காலையில் கயிற்றை நான் வாங்கிக்கொண்டேன்.

"இன்னைக்கு நான் கட்டுறேன்."

"கட்டுங்க அண்ணி. தோளுக்குக் கிட்டக்க வரணும்."

எனக்கு நீச்சல் தெரியாது. சிவகங்கையில் தெருக்குழாய்த் தண்ணீரில் வளர்ந்தவள். ஆனால் கிணற்றை எட்டிப் பார்த்ததும் ஒரு கேன் போதாது என்று தோன்றிவிட்டது. மோட்டார் அறையில் இன்னொரு கேன் கிடந்தது. அதையும் எடுத்து இடுப்போடு சேர்த்துக் கட்டினேன்.

"ஒண்ணு போதும் அண்ணி."

"ரெண்டா இருந்தா என்ன கொறஞ்சா போயிரும்?"

அவள் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். அவள் பேசாமல் போனதில் எனக்கு ஒரு சந்தோஷம். இந்தப் பிள்ளைக்கு அம்மா நான்தான் என்று ஜெயித்த மாதிரி இருந்தது. பயத்தில்தான் கட்டினேன். அந்தச் சந்தோஷத்துக்காகவும்தான் கட்டினேன். இரண்டில் எது அதிகம் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

மகள் குதித்தாள். இடுப்பில் இருந்த கேன் அவள் பின்பக்கத்தை மேலே தூக்கியது. தலை தண்ணீருக்குள் போய்விட்டது. புரளப் பார்க்கிறாள், இரண்டு கேனும் சேர்ந்து புரள விடவில்லை. வெள்ளைக் கேன்கள் மட்டும் மேலே மிதந்தன. கீழே கைகள் அடித்துக்கொண்டன. நான் தண்ணீரை ஒட்டிய படியில், குனிந்தால் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றேன். நாத்தனார் எதிர்ப்பக்கம். ஒரு நொடி முகம் மேலே வந்தது. அப்போது என் பிள்ளை கத்தினாள்.

"அத்தே!"

நான் குனிவதற்குள் நாத்தனார் நைட்டியோடு குதித்து, மகளைப் புரட்டித் தூக்கிப் படியில் உட்கார வைத்தாள். என் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. நனைந்த நைலான் கயிறு. பல்லால் கடித்துப் பார்த்துவிட்டு, "அறிவிருக்கா ஒனக்கு?" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். அத்தனை வருஷத்தில் அவள் என்னை 'நீ' என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். பிறகு வீட்டில் காப்பி கொடுக்கும்போது, "மனசுல வச்சுக்கிறாதீக அண்ணி, பயத்துல கத்திட்டேன்" என்றாள். அவள் திட்டியது எனக்கு வலிக்கவே இல்லை. இருமி இருமித் தண்ணீரைத் துப்பிய என் மகள், நான் துண்டை விரித்துக்கொண்டு நிற்கும்போது, ஈரத்தோடு அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் வலித்தது.

என் கணவரிடம் சொன்னேன். "நீச்சல் தெரிஞ்சவளைத்தானே கூப்பிடுவா? இதுல என்ன இருக்கு" என்றார். மூழ்குகிற பிள்ளை யாருக்கு நீச்சல் தெரியும் என்று யோசித்தா கூப்பிடும்? ஒருவேளை யோசித்துத்தான் கூப்பிடுமோ? இரண்டு பக்கமும் நானே பேசிப் பார்த்துவிட்டேன்.

மகளை அப்போதே கூட்டிவரத்தான் நினைத்தேன். அவள் வரமாட்டேன் என்றாள். விடுமுறை முடியும் சமயத்தில் ஒரு வீடியோ வந்தது. கேன் இல்லாமல், கிணற்றின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு என் மகள் தவளை மாதிரி நீந்திப் போகிறாள். படியைப் பிடித்ததும் திரும்பி, "அத்தே, பாத்தியா?" என்கிறாள். அடுப்படியில் நின்றபடி திரும்பத் திரும்பப் பார்த்தேன். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்தக் கடைசி வார்த்தைகளுக்கு முன்னால் நிறுத்திவிடுவேன்.

இப்போது காலாண்டு விடுமுறை வரப்போகிறது. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டே மகள் சொன்னாள்: "அம்மா, கேனை யாருக்கும் கட்டாம வச்சிருக்கேன். ஒனக்குத்தான். அத்தைகிட்டச் சொல்லிட்டேன். ஒண்ணுதான் கட்டுவேன், சரியா?"

ரசத்தை ஊற்றிக்கொண்டே, "பாக்கலாம்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

போக ஆசையாக இருக்கிறது. என் மகள் கையால் முடிச்சுப் போட்டு என்னைத் தண்ணீரில் இறக்குவாள். ஆனால் நாத்தனாரும் படியில் நிற்பாள். நான் பயந்து கத்தினால், கைகொடுக்க வருவது அவளாகத்தான் இருக்கும். அவள் கையை என்னால் மனசு கோணாமல் பிடிக்க முடியுமா? பிள்ளைகளை வளர்த்து முடித்தவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். இந்தப் பொறாமை தானாகக் கரைந்துவிடுமா? கரையும் வரை நான் கரையில் நிற்கலாமா, இல்லை இதைச் சுமந்துகொண்டே இறங்கிவிடட்டுமா?