தங்கையின் பங்குக்கு வந்த கல் கொட்டகைகள்

அப்பாவின் கோழிப்பண்ணையைப் பிரித்தபோது புதுக் கொட்டகைகளை எல்லாம் அண்ணன் எடுத்துக்கொண்டான். நூறு வருடத்துக் கல் கொட்டகைகள் மூன்று மட்டும் தங்கைக்கு வந்தன.

"வாழாவெட்டிக்கு இடிஞ்ச கொட்டகையே ஜாஸ்தி," என்று உறவுக்காரர்கள் முன்னால் சிரித்தான்.

அவள் பதினோரு வருடம் அங்கேயே கோழி வளர்த்தாள், ஓடு மாற்றினாள், தொல்லியல் துறைக்கு மனுமேல் மனு போட்டாள். ஒருவழியாக அவற்றைப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் என்று அறிவித்தார்கள். சுற்றிலும் யாரும் எதுவும் கட்டக்கூடாது. பக்கத்தில் அண்ணன் பாதி எழுப்பியிருந்த மாடி வீடு அப்படியே நின்றது.

மறுவாரம் வந்தான். "நீ ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவாங்கம்மா."

"சொல்லலாம்ணா," என்றாள், தீவனம் அள்ளிய கையை நிறுத்தாமல். "சொல்ல மாட்டேன்."

அன்று மதியம் வயிறாரச் சாப்பிட்டாள்.