முடிச்சூர் மாணவியின் குரல்

ஒரு மாணவியின் வாயை நான் அடைத்தேன். அடைத்துவிட்டு, பழியை அவள் வீட்டு நெட்வொர்க்கின் மீது போட்டேன்... என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் நான் வரலாற்று ஆசிரியை. விடாத மழையால் அந்த வாரம் ஆன்லைன் வகுப்பு. பாடம், சென்னை மாகாணத்தைத் தாக்கிய பஞ்சம். கல்லூரி முதல்வரும் இணைந்து கவனித்துக்கொண்டிருந்தார். "மழை பொய்த்தது, மக்கள் மடிந்தார்கள்" என்று ஆண்டுதோறும் சொல்லும் வரியைச் சொல்லிவிட்டு, மாணவர்களைக் கலந்துரையாட அழைத்தேன்.

முடிச்சூரிலிருந்து பவித்ரா பேசினாள். "மேம், மழை இல்லாதது மட்டும் காரணம் இல்ல. அப்பவும் இங்கேர்ந்து தானியம் கப்பல்ல வெளிய போயிருக்கு. லைப்ரரில படிச்சேன். நம்ம நோட்ஸ்ல அது ஏன் இல்ல மேம்?"

எனக்குத் தெரியாது! அதுதான் உண்மை. முதல்வர் பார்க்கிறார், நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். என் விரல் தானாகப் போய் அவளை மியூட் செய்தது. தானாகவா? இல்லை... நான்தான் செய்தேன்.

"வாய்ஸ் பிரேக் ஆகுதும்மா. உன் நெட்வொர்க் சரியில்ல போல" என்றேன்.

மறுநாள் வகுப்பில், திரையில் அவள் தன் வீட்டு மொட்டைமாடியில் நின்றாள். ஒரு கையில் குடை, பின்னால் தண்ணீர்த் தொட்டி. "இப்ப கேக்குதா மேம்?"

தெளிவாகக் கேட்டது! அன்று முதல்வரும் இல்லை. ஆனாலும், 'கப்பல்' என்று அவள் தொடங்கியதுமே மறுபடி அழுத்தினேன். முதல் நாள் செய்ததைப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம்... இரண்டாம் நாள் செய்ததை என்னவென்று சொல்வேன்?

அதன்பின் அவள் எந்த வகுப்பிலும் பேசவில்லை. வரலாற்றிலேயே மேற்படிப்புக்குப் போவாள் என்றிருந்தேன். படிப்பு முடிந்ததும் சிறுசேரியில் ஐ.டி. வேலைக்குப் போய்விட்டாள்.

சென்ற மாதம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எதிரே வந்தாள். என் நாக்கு அந்தப் பழைய பொய்யையே எடுத்தது. "அப்போ உங்க ஏரியால நெட்வொர்க் ரொம்ப மோசம், இல்லம்மா?"

அவள் கோபப்படவில்லை. "நீங்க மியூட் பண்ணா என் ஸ்கிரீன்ல காட்டும் மேம். தெரிஞ்சுதான் மாடிக்குப் போனேன். சிக்னல் நல்லா இருந்தா, பேச விட்டுடுவீங்கன்னு நினைச்சேன்."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம்... அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்! நான் சொன்னதோ, "பஸ் வந்துடும், கிளம்பும்மா."

கிளம்பிவிட்டாள். அவள் எண் என்னிடம் இருக்கிறது. கைபேசியை எடுக்கிறேன், 'பவித்ரா' என்று தட்டுகிறேன்... அடுத்த சொல் இன்றுவரை வரவில்லை.