காலி என்று குறித்த லாட்ஜ்

சீசன் முடிந்த குற்றாலத்தில், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில், மூடிக்கிடந்த கடைகளைக் குறித்துக்கொண்டிருந்தேன். வெளியே பூட்டுத் தொங்கிய ஒரு லாட்ஜையும் ‘காலி’ என்று போட்டேன். அப்போது உள்ளேயிருந்து ஒரு குழந்தை இருமியது.

ஜன்னல் இடுக்கில் ஒரு பெண்ணின் முகம். உதட்டில் காய்ந்த ரத்தம்.

“மேப்புல காலின்னுல்லா போட்டுட்டேன்! இருங்க, மாத்திருதேன்.”

“மாத்தாதீங்கண்ணே! இங்கன கூட்டிப் பெருக்குத அக்காதான் எங்கள உள்ள வச்சுப் பூட்டிருக்கா. எம்புருசன் மேப்புல ஆள் இருக்குத லாட்ஜா பாத்துத் தேடுதான். எங்கப்பா வருத வரைக்கும் காலின்னே கிடக்கட்டும்.”

‘காலி’ என்பதை அப்படியே விட்டுவிட்டு நடந்தேன்.

அவள் அப்பா வந்தாரா, தெரியாது. இன்றும் வரைபடத்தைத் திறந்தால் முதலில் அங்கேதான் பார்க்கிறேன். என்னைப் போல் ஒரு நேர்மையான ஆள் வந்து அதைத் திருத்தியிருப்பானோ?