எண்ணுக்குக் கீழே ஒரு வரி

யுத்த காலம். கண்டி ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளின் கார்டில் நோய்க்கான குறியீட்டு எண் போடும் கிளாக்கர் அவர், மெலிந்த சிங்களவர். எந்த எண்ணையும் முதலில் பென்சிலால் எழுதி, தடித்த புத்தகத்தில் சரிபார்த்த பிறகே பேனாவைத் தொடுவார். இரைப்பை ரத்தக்குழாய் பழுதாகி ரத்த வாந்தி எடுத்துத் தேறிய நான், வத்தேகம பஸ் போய்விடுமே என்று எரிச்சலோடு நின்றேன். எண்ணை எழுதியவர் என் ரத்தக் கறைபட்ட சட்டையைப் பார்த்துவிட்டு, என் கார்டில் சிங்களத்திலும் ஏதோ எழுதினார்.

"இன்னும் என்னங்கய்யா?"

"நம்பர் நமக்கு. இது செக்பொயின்ட்டுக்கு."

வழியில் செக்பொயின்ட்டில் சட்டையைக் கண்டதும் ஆமிக்காரன் துவக்கை நீட்டினான். கார்டை வாங்கி, அந்தச் சிங்கள வரியை உரக்க வாசித்தான்: "காயமல்ல, வயிற்று நோய்." துவக்கைத் தாழ்த்தி, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான்.

அதுவரை வழியெல்லாம், தாமதப்படுத்தியதற்காக அந்தக் கிளாக்கரைத் திட்டிக்கொண்டே வந்திருந்தேன்.